பிடித்த மீனை எதில் கொண்டு வருகிறீர்கள்?



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர்ட் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரும் ரயிலில் ஏறிப் பாருங்கள். தூண்டில் குச்சியும் வாளியுமாக நம் ஆட்கள் நாலைந்து பேராவது அதில் இருப்பார்கள். சிலர் கிள்ளானிலே இறங்கி விடுவார்கள். சிலர் பந்தாய் டாலாமிலும் அப்துல்லா ஹுக்குமிலும் இறங்கிப் பங்சார் பக்கம் நடப்பார்கள். விசாரித்தால் ஒருவர் தோட்டத்தில் பிறந்தவராக இருப்பார், இன்னொருவருக்கு அப்பா பால் வெட்டியவராக இருப்பார்.

பங்சாரே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பூங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்களை ஒட்ட வைத்துத்தான் பங்சார் என்று பெயர் வந்தது என்பார்கள். இன்றைக்கு அங்கே மாடி வீடுகளும் காப்பிக் கடைகளும் இருக்கின்றன; பால் மரம் இல்லை. தோட்டம் போனது, லயம் போனது, ஆனால் நம் சனங்களின் கையிலிருந்து தூண்டில் மட்டும் போகவில்லை. கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர் கால்வாயில் போடுகிறார். பங்சார்க்காரர் தஞ்சோங் ஹராப்பான் கடற்கரைக்குப் போய்ப் போடுகிறார். வாரத்தில் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளில் குடும்பத்துக்கு ஒரு வேளைக் கறி. அதை யாரும் குறை சொல்ல முடியாது. மீன் விற்கிற விலையில் அதுவும் ஒரு சம்பளம்தான்.

என் கேள்வி வேறு. தண்ணீரை விட்டு வெளியே வந்த மீன் சட்டிக்குள் போகும் வரை என்ன பாடு படுகிறது? முக்கியமாக, அது எதில் வருகிறது?

சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிறவன் நான். லயத்துப் பின்புறம் போனால் கண்ணில் படுவது என்ன? தோம்பு! நீலத் தோம்பு, வெள்ளைத் தோம்பு. வாய் அறுத்த தோம்பில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள். கைப்பிடி கட்டிய சின்னத் தோம்பு சுவரில் தொங்குகிறது. "இது எதுக்குய்யா?" என்று கேட்டால், "மீன் பிடிக்கப் போனா எடுத்துட்டுப் போவேன் அண்ணே" என்று பதில் வருகிறது. தோம்பைத் திருப்பிப் பார்த்தால் சீட்டுக் கிழித்த பசைத் தடம் இருக்கிறது. சில தோம்புகளில் மண்டை ஓட்டுப் படமே பாதி மிச்சம் இருக்கிறது. தீம்பாரில் புல்லுக்கு அடித்த மருந்து வந்த தோம்பு அது!

"நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் அண்ணே, வாடையே இல்ல" என்பார்கள். எங்கே போனாலும் இந்த ஒரே பதில்தான். வாடை போனால் விஷம் போய்விட்டது என்று யார் சொன்னது? வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் மீன் குழம்பு ஊற்றி வைத்திருப்பீர்கள். பிறகு எத்தனை தடவை தேய்த்தாலும் அந்த மஞ்சள் கறை போகிறதா? குழம்பின் எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் ஊறிவிடுகிறது. மருந்தும் அப்படித்தான். அதிலும் எண்ணெய்ப் பசையோடு கலந்து வருகிற பூச்சி மருந்துகள் தோம்பின் சுவருக்குள் இறங்கிக் கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். அதற்குள் ஈர மீனைப் போட்டு, மூடி, வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டி ஒரு மணி நேரம் குலுக்கிக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதைத்தான் பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டுகிறோம்.

காலியான மருந்துப் பாத்திரத்தை உணவுக்கோ குடி தண்ணீருக்கோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாட்டு உணவு விவசாய நிறுவனமும் வழிகாட்டி எழுதியே வைத்திருக்கின்றன. மூன்று முறை கழுவு, அந்தக் கழுவிய தண்ணீரை மருந்து அடிக்கும் பம்பிலேயே ஊற்று, தோம்பில் ஓட்டை போடு, ஒப்படை. இதுதான் முறை. மூன்று முறை கழுவச் சொல்வது மறுசுழற்சிக்கு அனுப்புவதற்காக. அடுப்பங்கரைக்கு அனுப்புவதற்காக அல்ல. பலர் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, "கழுவினாப் போதும்னு டிரெயினிங்கிலேயே சொன்னாங்க" என்கிறார்கள். ஓட்டை போடச் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. ஓட்டை போட்டால் மீன் வைக்க முடியாதே!

பாராகுவாட் என்ற புல் மருந்தை நம் தோட்டத்துப் பெண்கள் முதுகில் சுமந்து அடித்த காலம் உங்களுக்குத் தெரியும். ஒரு வாய் உள்ளே போனால் ஆளைக் காப்பாற்றுவது கடினம்; அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மருந்து அடிக்கும் பெண்கள் படும் பாட்டைத் தெனாகானித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியாக 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் முழுத் தடை. சரி, மருந்து போய்விட்டது. தோம்பு போய்விட்டதா? பிளாஸ்டிக் தோம்பு மனிதனை விட அதிக நாள் இருக்கும். உங்கள் வீட்டுப் பின்னால் கிடக்கிற தோம்பு எந்த வருஷத்துத் தோம்பு, அதில் என்ன வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? தாத்தா கொண்டு வந்ததைப் பேரன் தூண்டிலோடு எடுத்துப் போகிறான்.

தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்லி முடித்து விடுவதற்காக இதை எழுதவில்லை. ஏழைக்குப் பாத்திரம் வேண்டும். கண் முன்னால் கெட்டியான தோம்பு சும்மா கிடந்தால் எடுக்கத்தான் செய்வான். அது ஏன் சும்மா கிடக்கிறது? மருந்துக் கொட்டகையிலிருந்து போகிற தோம்புக்குக் கணக்கு எழுதுகிற கிராணி, காலியாகித் திரும்பி வருகிற தோம்புக்கும் கணக்கு எழுத வேண்டாமா? சில இடங்களில் மண்டோரே, "வேணும்னா எடுத்துக்கோ" என்று தானம் செய்கிறார். நிர்வாகத்துக்குக் குப்பை குறைந்தது, நமக்கு விஷம் சேர்ந்தது. இந்தத் தர்மம் யாருக்கு வேண்டும்?

இன்னொன்று. இன்று தீம்பாரில் மருந்து அடிப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களும் மீன் பிடிக்கிறார்கள், அதே தோம்பில்தான் கொண்டு போகிறார்கள். சீட்டில் எழுதியிருப்பது அவர்களில் பலருக்குப் புரியாது. பக்கத்து வீட்டுக்காரன் வேறு நாட்டுக்காரன் என்றாலும் வயிறு வேறு இல்லை. நம்மவர்கள் வாய் விட்டுச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதில் கொண்டு வருவது? பசாரில் மீன் விற்பவரிடம் கேளுங்கள். மீன் வந்த வெள்ளைப் பாலிஸ்டிரின் பெட்டிகள் குவிந்து கிடக்கும். கேட்டால் கொடுப்பார். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து நல்ல ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி, முறை வைத்துக் கொண்டாலும் சரி. பெயிண்டு டின், கறுப்பு எண்ணெய் டின், பால் உறைய வைக்கும் அமிலம் வந்த டின், இவையும் மருந்துத் தோம்புக்குத் தம்பிகள்தான். தொடாதீர்கள்.

அடுத்தது ஐஸ். தூண்டிலுக்கும் இரைக்கும் சிகரெட்டுக்கும் செலவு செய்கிறவர், ஐஸ் வாங்க மட்டும் யோசிக்கிறார். நம் ஊர் வெயிலில் மீன் செத்த நிமிஷத்திலிருந்தே கெட ஆரம்பிக்கிறது. உயிரோடு இருக்கும் மீனின் சதை சுத்தமானது. கிருமியெல்லாம் செவுளிலும் குடலிலும் தோலின் வழவழப்பிலும்தான் இருக்கிறது. செத்த பிறகு அங்கிருந்து சதைக்குள் இறங்குகிறது. சூட்டில் வேகமாக இறங்கும், குளிரில் மெதுவாக இறங்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வையுங்கள். அடியில் ஐஸ், மேலே மீன், அதன் மேல் மறுபடி ஐஸ். உருகிய தண்ணீரில் மீன் மிதக்கக் கூடாது, அவ்வப்போது வடித்து விட வேண்டும். காலையில் பிடித்த மீனை வாளியில் கடல் தண்ணீரில் போட்டு வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மட்டும் ஐஸ் போடுகிறார்கள் சிலர். அது செத்தவனுக்கு ஊசி போடுகிற வேலை.

கெம்போங் மீனிலும் சூரையிலும் இது இன்னும் முக்கியம். இந்த வகை மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். "எனக்குக் கெம்போங் ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ஒத்துக் கொள்ளாதது கெம்போங், எத்தனை பேருக்கு ஒத்துக் கொள்ளாதது ஐஸ் இல்லாத வாளி? ஹிஸ்டமின் ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. புளியும் மிளகாயும் அள்ளிப் போட்டு வாடையை மறைக்கலாம். உள்ளே இருப்பதை மறைக்க முடியாது.

ஐஸ் கிடைக்காத தீம்பார் ஓரத்தில் என்ன செய்வது? நம் பெரியவர்கள் செய்ததுதான். கோணிச் சாக்கை நல்ல தண்ணீரில் நனைத்து மீனைச் சுற்றி, நிழலில், காற்றுப் படும்படி வைப்பார்கள். ஈரம் காயக் காயக் குளிர்ச்சி தரும். ஐஸுக்கு ஈடாகாது என்றாலும், மூடிய பிளாஸ்டிக் பையை விட ஆயிரம் மடங்கு மேல். விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை ஆகிய மூன்றும் வெளிக் காற்றைச் சுவாசிக்கிற மீன்கள். ஈரச் சாக்கில் உயிரோடே வீடு வரை கொண்டு வரலாம். உயிரோடு வந்த மீனுக்கு ஐஸ் எதற்கு?

கழுவுவதற்கு வருவோம். பெரிய மீனாக இருந்தால் பிடித்த இடத்திலேயே செவுளையும் குடலையும் எடுத்து விடுவது நல்லது. பித்தப்பை உடையக் கூடாது, உடைந்தால் கசப்பு சதையில் ஏறும். சின்ன மீனை முழுசாகவே ஐஸில் வைத்து வீட்டில் ஆயலாம். ஆனால் படகுத் துறை ஓரத் தண்ணீரில் முக்கி அலசுகிறார்களே, அது மட்டும் வேண்டாம். படகு எண்ணெயும் சாக்கடையும் கலக்கிற தண்ணீர் அது. வீட்டிலிருந்து ஒரு புட்டி குழாய்த் தண்ணீர் எடுத்துப் போக முடியாதா? கெளிறு மீன், மலாயில் செம்பிலாங் என்கிறோமே, அதன் முள் விஷ முள். குத்திவிட்டால் பொறுக்கக் கூடிய அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி தணியும்; பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீன் பிடித்து வந்தவர் வாசலில் உட்கார்ந்து, எப்படிப் பிடித்தேன் என்று கதை சொல்லிக் கொண்டிருப்பார். விடிகாலை பிரட்டுக்குப் போய் வந்து, வீட்டு வேலையும் செய்த மனைவி இருட்டில் குழாயடியில் உட்கார்ந்து செதில் உரித்துக் கொண்டிருப்பார். பிடிக்கத் தெரிந்த கைக்கு ஆயத் தெரியாதா என்ன? இதைச் சொன்னால் சில அண்ணன்மார்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

குழாயடி என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், 446ஆம் எண் சட்டம், தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை நிர்வாகம் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிற லயத்தில் மீனைச் சுத்தமாகக் கழுவு என்று நான் எழுதுவது பரிகாசமாக இருக்கும். தோம்பில் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டிய நிலை இருப்பதால்தானே வீட்டுக்குள் தோம்பே வருகிறது! தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டுக்காரர்கள் மீனைப் பற்றிப் பேசுவதற்கு முன் தண்ணீரைப் பற்றிப் புகார் எழுதுங்கள்.

குடலையும் செதிலையும் என்ன செய்கிறீர்கள்? சாக்கடையில் தள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம். பங்சார் பக்கத்து மாடி வீடுகளிலும் இதே வழக்கம்தான் நடக்கிறது. கீழ் வீட்டுக்காரர் திட்டிக் கொண்டே இருக்கிறார். வாடை மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தக் கழிவுக்கு எலி வருகிறது. எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சலை, கென்சிங் திக்குஸ் என்பதை, 2010 டிசம்பரிலிருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்திருக்கிறார்கள். அது உடம்புக்குள் போகிற வழி எது? வெட்டுக் காயம். மீன் முள் கீறிய கையோடும் செருப்பில்லாத காலோடும் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து மீன் ஆய்கிறவருக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. கழிவைப் பையில் இறுகக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். தோட்டத்தில் இருப்பவர் வாழை மரத்தடியில் முழங்கால் ஆழம் தோண்டிப் புதைக்கலாம். வாழையும் நன்றி சொல்லும்.

இன்னும் இரண்டு சங்கதி. ஊதிக் கொள்ளும் பேத்தை மீன், மலாயில் புந்தால், தூண்டிலில் மாட்டினால் வீட்டுக்கே கொண்டு வராதீர்கள். "அப்பா காலத்துல சுத்தம் பண்ணித் தின்னாங்க" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் எந்தச் சூட்டுக்கும் போகாது. 2023 மார்ச் மாதம் ஜோகூர் குளுவாங் பக்கத்தில் அந்த மீனைக் கடையில் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்ட வயதான கணவனும் மனைவியும் இறந்து போனார்கள்.

அடுத்தது, துபா வேரைத் தட்டிப் போட்டோ, மருந்து ஊற்றியோ, பேட்டரி வைத்துக் கரண்டு பாய்ச்சியோ மீன் பிடிப்பது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி இது குற்றம். சட்டம் கிடக்கட்டும். புல் மருந்து ஊற்றி மிதக்க வைத்த மீனை எந்த ஐஸ் பெட்டியில் வைத்தாலும் என்ன பிரயோசனம்? தண்ணீரே கெட்டிருந்தாலும் இதே கதைதான். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்று போனது நினைவிருக்கும். வெட்டுகிற தண்ணீருக்குச் சர்க்கார் குழாயை மூடி விடும். அந்த ஆற்று மீனுக்கு யார் மூடி போடுவது? தண்ணீரில் எண்ணெய் மினுங்கினாலோ, மீன் தானாகச் செத்து மிதந்தாலோ, தூண்டிலைச் சுருட்டிக் கொண்டு கிளம்புங்கள்.

மறுபடி தோம்புக்கு வருகிறேன். மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது, இது ஒன்று மட்டும் பாதி நம் கையிலும் பாதி நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். நம் தோட்டங்களில் அந்தக் குழு கூடுகிறதா? கூடினால் கையுறை, கண்ணாடி, தலைக் கவசம் என்று பேசிவிட்டுத் தேநீர் குடித்துக் கலைகிறார்கள். காலித் தோம்பைப் பற்றி அங்கே யாரும் வாயைத் திறந்ததாக நான் கேட்டதில்லை.

பிரதிநிதிகளாக இருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் மூன்றே மூன்று கேட்க வேண்டும். கொட்டகையிலிருந்து போகிற ஒவ்வொரு தோம்புக்கும் திரும்பி வரும் கணக்குப் புத்தகம் வேண்டும். காலியான அன்றைக்கே, மருந்து அடிக்கும் இடத்திலேயே, மண்டோர் முன்னிலையில் ஓட்டை போட வேண்டும். லயங்களில் ஏற்கெனவே கிடக்கிற தோம்புகளைத் தோட்டமே திரும்ப எடுத்துக் கொண்டு, அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி கொடுக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் மானேஜர் சிரிப்பார். கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

அதுவரைக்கும் வீட்டில் இருக்கிற தோம்பை எரிக்காதீர்கள், அந்தப் புகையும் விஷம். ஆற்றிலும் வீசாதீர்கள். கத்தியால் நாலு பக்கமும் குத்தி, கொட்டகைக்குக் கொண்டு போய்க் கிராணியிடம் ஒப்படையுங்கள். வாங்க மாட்டேன் என்றால் தேதியும் பெயரும் குறித்துக் கொண்டு வந்து கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனை தோம்பு என்று ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும். சங்கத்தில் நாங்கள் அதை மேலே கொண்டு போகிறோம்.